துப்பாக்கிக்குக் கன்னம் வைத்தவர்

பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை. ஸ்ரீசிட்டியிலிருந்து திருப்பதிக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். பெரியப்பா மகன் போன் செய்தார். ஆந்திர எல்லைக்குள் சாந்திபுரம் பக்கம் எங்கள் ஊரில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு ஷெட்டும் வைத்திருக்கும் அண்ணன் அவர். நலம் விசாரிக்கவில்லை.

“டேய், நம்ம தாத்தா யுத்தத்துல எந்தத் துப்பாக்கி வெச்சிகினு இருந்தாரு?”

“எனக்கு எப்படிண்ணா தெரியும்? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு.”

“நீ படிச்சவன்தானே. பாத்துச் சொல்லு. செல செய்யணும்.”

விஷயம் இதுதான். ஊராட்சித் தேர்தல் வரப்போகிறது. அண்ணன் சர்பஞ்சுக்கு, அதாவது ஊராட்சித் தலைவர் பதவிக்கு, நிற்கப் போகிறார். எதிரில் நிற்கப்போகிறவரின் தாத்தா ஒரு காலத்தில் ஊருக்குக் கிணறு வெட்டியவர். அந்தத் தாத்தாவுக்கு ஏற்கெனவே பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சிலை இருக்கிறது. கிணற்றில் இப்போது தண்ணீர் கிடையாது, ஆனால் சிலைக்கு வருஷா வருஷம் வெள்ளை அடிக்கிறார்கள். மண்ணைத் தோண்டியவருக்கே சிலை இருக்கும்போது, உலகப் போரில் சண்டை போட்டவருக்கு ஏன் இல்லை என்பது அண்ணனின் கேள்வி.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்தவர் என்பதில் சந்தேகமில்லை. போகும்போது அவருக்குக் காலடி மண் கூடச் சொந்தமில்லை. திரும்பி வந்ததும் சர்க்கார் இரண்டு ஏக்கர் கல்லுமேடு கொடுத்தது. அந்த இரண்டு ஏக்கரிலிருந்துதான் எங்கள் குடும்பம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் நாங்கள் வேறு யாருடைய நிலத்திலோ இருந்தோம். போரில் என்ன செய்தார் என்று கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில்: “தாத்தா துப்பாக்கிக்குக் கன்னம் வெச்சவரு.” துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்து, மூச்சை அடக்கி, குறி பார்த்துச் சுடுகிறவர் என்று அர்த்தம். ஸ்னைப்பர் என்ற சொல்லை டிவியில் கேட்ட பிறகு அதையும் சேர்த்துக்கொண்டார்கள். எத்தனை பேரைச் சுட்டார் என்ற கணக்கு மட்டும் சொல்கிற சித்தப்பாவைப் பொறுத்து மாறும்.

என் வேலை லென்ஸ் பார்ப்பது. கைபேசிக் கேமராவுக்குள் போகும் மிளகு அளவு லென்ஸ்களை நுண்ணோக்கியில் வைத்து, தூசியோ கீறலோ இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறுபக்கம் ஒதுக்குவேன். ஊரில் என்னை ‘கேமரா கம்பெனி ஆபீசர்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. இப்படிப்பட்டவனிடம் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால், தெரியாது என்று விட்டுவிட முடியுமா? பஸ்ஸிலேயே தேடத் தொடங்கினேன்.

போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பக்கத்து சீட்டுக்காரர்கள் படம் பார்த்தார்கள், தூங்கினார்கள். நான் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்னைப்பர் துப்பாக்கிகளின் சரித்திரத்தைப் பார்த்தேன். முதலில் அண்ணனுக்காகப் பார்த்தேன். மாசி மாதம் வந்தபோது எனக்காகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உலகத்தையே ஆண்டவர்கள், எல்லாவற்றிலும் கெட்டிக்காரர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சரித்திரம் வேறு மாதிரி இருந்தது. முதல் உலகப் போர் தொடங்கியபோது அவர்களிடம் ஸ்னைப்பிங்குக்கு என்று துப்பாக்கியும் இல்லை, பயிற்சியும் இல்லை. எதிரே ஜெர்மானியர்கள் தொலைநோக்கி பொருத்திய வேட்டைத் துப்பாக்கிகளோடு பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் தலையைத் தூக்கியவன் கதை முடிந்தது. சில அதிகாரிகள் ஊருக்குக் கடிதம் எழுதி, வீட்டில் சுவரில் மாட்டியிருந்த மான் வேட்டைத் துப்பாக்கிகளை வரவழைத்தார்கள். எதிரி இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்து சுட்டபோது, அதைத் துளைக்க யானை சுடும் துப்பாக்கி வந்து சேர்ந்தது. யானைக்கென்று செய்தது கடைசியில் தகரத்துக்குப் பயன்பட்டது.

பிறகு ராணுவமே தன் துப்பாக்கிகளில் தொலைநோக்கி பொருத்த ஆரம்பித்தது. மேலிருந்து தோட்டா போடும் வழியை மறைக்கக்கூடாது என்று யாரோ மேலிடத்தில் சொல்ல, தொலைநோக்கியை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினார்கள். பதுங்குகுழித் தகட்டிலிருந்த சின்ன ஓட்டையில் குழலை நீட்டினால் தொலைநோக்கிக்கு முன்னால் தகடு. தொலைநோக்கியை ஓட்டைக்கு நேராக வைத்தால் குழல் தகட்டில் முட்டும். பார்க்கலாம் அல்லது சுடலாம், இரண்டும் முடியாது. இதைப் படித்த அன்று பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எங்கள் தொழிற்சாலையில் மேலிடம் சொல்லி மாற்றிய சில காரியங்கள் நினைவுக்கு வந்தன.

போர் முடிந்ததும் இனி இதெல்லாம் எதற்கு என்று பெரும்பாலான துப்பாக்கிகளிலிருந்து தொலைநோக்கிகளைக் கழற்றினார்கள். அடுத்த போர் வந்தது. மறுபடி கையைப் பிசைந்துகொண்டு, முந்தைய போரில் அமெரிக்காவில் செய்து வாங்கிய பழைய துப்பாக்கிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நம்பர் நாலு வந்தது. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன்களில் த்ரீ நாட் த்ரீ என்று சொல்வார்களே, அந்தக் குடும்பத்துத் துப்பாக்கி. தொழிற்சாலையில் செய்தவற்றைச் சுட்டுப் பார்த்து, நன்றாகக் குறி விழுந்தவற்றை மட்டும் தனியே எடுத்து, லண்டனில் பிரபுக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஒரு கடைக்கு அனுப்பினார்கள். அங்கே தொலைநோக்கி பொருத்தினார்கள். அந்தத் தொலைநோக்கியும் இதற்காகச் செய்ததல்ல, ஒரு இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது. அது வழக்கமான குறிமுள்ளுக்கு மேலே உயரமாக உட்கார்ந்ததால் சுடுகிறவனின் கண் எட்டவில்லை. கன்னத்தை உயர்த்த, பின்கட்டையின் மேல் ஒரு மரத்துண்டைத் திருகினார்கள். கடைசியில் பெயருக்குப் பின்னால் டி என்று ஓர் எழுத்துச் சேர்த்தார்கள். டெலஸ்கோப்.

நான் ஒரு நாள் சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க ஆதார் அட்டையும் முகமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறவள்.

“நம்ம கல்யாண நாள் என்னிக்குன்னு கேட்டா முழிப்பீங்க. டெலஸ்கோப்புக்கு நம்பர் கேட்டா மட்டும் டக்குனு வருது” என்றாள்.

“தாத்தா வெச்சிருந்த துப்பாக்கிடி.”

“அவரு வெச்சிருந்தாருன்னு யார் சொன்னது?”

 அது கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை.

சிலை செய்யும் பட்டறை திருப்பதிக்கு வெளியே ரேணிகுண்டா சாலையில் இருந்தது. சிற்பி ஆற்காட்டுக்காரர், இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது என்றார். வாசலில் தலைவர்கள் சாக்கு சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். அண்ணன் ஊரிலிருந்து வந்திருந்தார். சிற்பியிடம் ராணுவ வீரனுக்கு ஒரே ஒரு அச்சு இருந்தது, அதன் கையில் இன்றைய காலத்துத் துப்பாக்கி.

“எல்லா ஊரு வீரருக்கும் இதான் சார்” என்றார் சிற்பி.

“அதெல்லாம் வேணாம். இது மாதிரி பெருசா வரணும்” என்று அண்ணன் கைபேசியை நீட்டினார். அவர் மகன் விளையாடும் விளையாட்டிலிருந்து எடுத்த படம். ஆள் உயரத்துக்குக் கறுப்புத் துப்பாக்கி, கீழே இரண்டு கால் வேறு.

“அண்ணா, அது அமெரிக்காக்காரன் துப்பாக்கி. தாத்தா செத்ததுக்கு அப்புறம் வந்தது.”

“செலையப் பாத்து எவன்டா வருஷம் கேக்கப்போறான்?”

நான் விடவில்லை. பையிலிருந்து அச்செடுத்த படங்களை எடுத்துச் சிற்பியின் மேஜையில் பரப்பினேன். முதல் போர், இரண்டாம் போர், இடப்பக்கத் தொலைநோக்கி, அதன் தொல்லை, யானைத் துப்பாக்கி, லண்டன் கடை என்று அரை மணி நேரம் பேசினேன். சிற்பி கையிலிருந்த சிமெண்டைத் துடைத்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், “டெலஸ்கோப்பு மேல வருமா, பக்கத்துல வருமா? அத மட்டும் சொல்லு சார்” என்றார்.

“மேல.”

“அவ்ளோதான?” என்று சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்துக் குறித்துக்கொண்டார்.

பீடத்தில் எழுத ஒரு வாசகம் வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. எதிர்க்கட்சிக்காரர்கள் கேட்டால் காட்ட வேண்டுமே. பெரியப்பாவின் பெட்டியில் பட்டா புத்தகத்தின் உறைக்குள் தாத்தாவின் ராணுவ விடுவிப்புக் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்புகள் விட்டுப்போய், பூச்சி அரித்து, இங்கிலீஷ் கையெழுத்து மங்கியிருந்தது. பெயருக்குக் கீழே ‘கார்ப்’ என்று ஒரு சுருக்கம் தெரிந்தது. கார்ப்பரல் என்று நான் படித்துச் சொன்னேன். வீடே பூரித்துப் போனது. பெரியப்பா அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ‘மாவீரர் கார்ப்பரல்’ என்று பெயின்டரிடம் சொல்லியும் ஆயிற்று. சித்தூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் காட்டி ஒரு சான்று வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது.

அதற்குள் கோடை வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டுச் சித்தூர் போனேன். அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் இருந்தார். காகிதத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்துக்கு அருகில் வைத்துப் படித்தார்.

“இது கார்ப்பரல்னு நெனச்சீங்களா?” என்று தெலுங்கு வாடையோடு தமிழில் கேட்டார்.

“ஆமாங்க மேடம்.”

“மன ஆர்மீலோ கார்ப்பரல் லேடு சார். நாயக் உண்டாரு. இதி ரேங்க் காது, வேல. கார்பென்டர். வட்ரங்கி.”

நம் ராணுவத்தில் கார்ப்பரல் என்ற பதவியே இல்லை, நாயக்தான் உண்டு. இது பதவியும் இல்லை, தொழில். தச்சர். அவர் விரலால் அடுத்த வரியைத் தொட்டுக் காட்டினார். ஆயுதங்கள் பழுது பார்க்கும் பட்டறை என்று இருந்தது. சேர்ந்தபோது கூலி, வெளியே வந்தபோது முதல் தரத் தச்சர். நடத்தை: மிக நன்று. ஆயுதப் பயிற்சி என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் ஒரு கோடு மட்டும் கிழித்திருந்தது.

“சர்டிபிகேட் இஸ்தானு. வட்ரங்கி அனே ராயாலி, பர்லேதா?” தருகிறேன், ஆனால் தச்சர் என்றுதான் எழுத வேண்டும், பரவாயில்லையா என்று கேட்டார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

சித்தூர் பஸ் நிலையத்தில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தலைமுடியில் நூறில் ஒரு பங்குக் கீறலைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன், இங்கிலீஷ் ஏயை ஓ என்று ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறேன். ஐந்து மாதமாகப் பஸ்ஸில் உட்கார்ந்து நான் சேர்த்த சரித்திரத்தில் தாத்தாவுக்கு இடமே இல்லை. ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆளைச் சுட்டுக் கொன்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

நேரே ஊருக்குப் போக மனமில்லை. வழியில் பங்காருபாளையத்தில் இறங்கினேன். அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, அங்கே வாழ்க்கைப்பட்டவர். எழுபது தாண்டியும் மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கப் போகிறவர். எங்களுக்குள் ஒரே தொழில்தான், அவர் கண்ணாடி போடாமல் செய்கிறார்.

அன்று மண்டி லீவு. கூடத்தில் அரிவாள்மணையைப் போட்டு ஊறுகாய்க்கு மாங்காய் அறுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா திடீர்னு? துன்னியா?”

“துன்னேன் அத்தே. சித்தூர் போய்ட்டு வரேன்.” எப்படிச் சொல்வதென்று தெரியாமல் காகிதத்தை எடுத்தேன். “தாத்தா மிலிட்டரில சுடல அத்தே. தச்சு வேல செஞ்சிருக்காரு.”

அத்தை கையை நிறுத்தவில்லை. “அதுக்கா சித்தூர் போன? என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அப்போதுதான் பார்த்தேன். அரிவாள்மணை ஆடாமல் இருக்க அதன் அடியில் ஒரு மரத்துண்டு கொடுத்திருந்தது. ஒரு சாண் நீளம். மேலே முதுகுபோல் வளைந்து, அடியில் குழிந்து, இரண்டு திருகு ஓட்டைகளோடு. மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்திருந்தது. அதை அடையாளம் காணக்கூடிய வேறொரு ஆள் சித்தூர் ஜில்லாவில் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து மாதமாக அதன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். நம்பர் நாலு டியின் பின்கட்டையில், சுடுகிறவன் கண்ணுக்காகக் கன்னத்தை உயர்த்தத் திருகும் துண்டு.

“அத்தே, இது ஏது?”

“நைனா செதுக்கனது, அங்கயிருந்து கொண்டாந்தாரு. ஒரம் வெடிச்சிருக்குன்னு அங்க கழிச்சிப் போட்டாங்களாம். கன்னம்னு சொல்வாரு. துப்பாக்கிக்குக் கன்னம். மழையில ஊறிப் பிச்சிக்கினு வந்துடுமாம், இவரு புதுசு செதுக்கி வெப்பாராம்.”

 ‘துப்பாக்கிக்குக் கன்னம் வெச்சவரு.’ தாத்தா பொய் சொல்லவே இல்லை. வெள்ளைக்காரன் ‘சீக் பீஸ்’ என்று சொன்னதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள்தான் அவரைக் கன்னத்தைச் சாய்த்துச் சுட வைத்துவிட்டார்கள்.

“அப்புறம் ஏன் ஒருத்தரும் இத சொல்லல?”

அத்தை கொட்டையைத் தள்ளிவிட்டுச் சொன்னார். போரிலிருந்து வந்த தாத்தா முதலில் தன் குடிசைக்கு ஒரு கதவு செய்தார். நாலு பலகை கோத்து, சட்டம் போட்டு, படையில் கற்றுக்கொண்டபடி. ஊரில் அதுவரை எங்கள் தெருவில் தட்டிதான் உண்டு. மூன்றாம் நாள் தச்சர் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, நீ உளி எடுத்தால் எங்கள் பிழைப்பு என்ன என்று கேட்டார்கள். நான்காம் நாள் நிலக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து, இந்தத் தெருவுக்கு இவ்வளவு பெரிய கதவு எதற்கு என்று கேட்டார்.

“நைனா ஒண்ணும் பேசல. கதவக் கயட்டி நாலு கல்லு மேல போட்டுக் கட்டிலா ஆக்கிட்டாரு. நாங்க எல்லாம் அதுமேல பொறந்ததுதான். அதுக்கப்புறம் உளி தொடல.”

“சுட்டாருன்னு கத எப்படி வந்துச்சி?”

“டீக்கடைல எவனோ மிலிட்டரில இன்னா செஞ்சேன்னு கேட்டிருக்கான். கன்னம் வெச்சேன்னு இருக்காரு. அவன் சுட்டாருன்னு நெனச்சிக்கினு ஊரெல்லாம் சொல்லிட்டான். இவரு இல்லன்னு சொல்லல. இன்னாத்துக்குச் சொல்வாரு? ரெண்டு ஏக்கர் குடுத்தாங்க பாரு, அந்த வருசம் மத்தவங்களுக்குக் குடுத்த நெலத்த எல்லாம் ஏமாத்திப் புடுங்கிக்கினாங்க. நம்மளத மட்டும் ஒருத்தனும் தொடல. சுடத் தெரிஞ்சவன்கிட்ட எவன் வருவான்?”

அத்தை இதை மாங்காய்க்கு உப்புச் சேர்க்கிற குரலில் சொன்னார்.  ஒரு நாளும் சுடாத துப்பாக்கி எங்கள் நிலத்துக்கு இத்தனை வருஷம் காவல் நின்றிருக்கிறது. லண்டன் கடைக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கட்டையைக் கேட்டேன். “எடுத்துக்கினு போ. ஆனா சீக்கிரம் கொண்டாந்துடு, மண ஆடும்” என்று அதற்குப் பதிலாக ஒரு ஓட்டுச் சில்லைச் செருகிக்கொண்டார்.

அண்ணனிடம் ஊரில் நேரில் சொன்னேன். பட்டுப்புழு ஷெட்டில் தழை போட்டுக்கொண்டே கேட்டார். புழுக்கள் தின்னும் சத்தம் மழை போலக் கேட்டுக்கொண்டிருந்தது. 

“கதவக் கயட்ட வெச்சாங்களா?”

“ஆமாண்ணா.”

“அது எனக்குத் தெரியாது.” இன்னும் ஒரு தட்டுக்குத் தழை போட்டார். “இப்ப இன்னா பண்ணணும்ங்கற?”

“கையில உளி குடுக்கலாம். அதான் நெசம்.”

“உளி குடுத்தா எவன்டா நின்னு பாப்பான்? தச்சர் தெருவுல அம்பது ஓட்டு கீது. அவங்க தாத்தா செஞ்சத கல்லுல செதுக்கி வெச்சிட்டு அவங்ககிட்டயே போய் ஓட்டு கேக்கறதா? துப்பாக்கிதான். கார்ப்பரல மட்டும் எடுத்துடு, மாட்டிக்குவோம்.”

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, தாத்தாவும் இதைத்தான் செய்தார் என்று தோன்றியதும் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

மறு வாரம் சிற்பியிடம் தனியாகப் போனேன். உளியைப் பற்றி அவரிடமும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். “கை ஒண்ணுதான் சார். பேனா குடுத்தா தலைவரு, துப்பாக்கி குடுத்தா வீரரு. உங்க அண்ணன் என்ன சொல்றாரோ அதக் குடுக்கறேன்” என்றார். துப்பாக்கி ஏறக்குறைய முடிந்திருந்தது. நான் அத்தையின் கட்டையை எடுத்து அவரிடம் கொடுத்து, இதே அளவில் பின்கட்டையின் மேல் ஒன்று வர வேண்டும் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டை விரலால் வளைவைத் தடவினார்.

“செஞ்சவன் கை நல்ல கை சார்” என்றார். இத்தனை மாதத்தில் என் தாத்தாவைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். யார் செய்தது என்று நான் சொல்லியிருக்கவில்லை.

ஆவணியில் சிலை ஊருக்கு வந்து, ஊராட்சி அலுவலக வாசலில் பீடத்தில் ஏறியது. மேளம், மாலை, மைக் செட். தாத்தாவுக்குப் புகைப்படம் எதுவும் இல்லாததால் அண்ணனின் முகத்தையே கொஞ்சம் வயது கூட்டி வைத்திருந்தார்கள். மீசை சேர்ந்ததும் அண்ணன் தன்னையே திறந்து வைத்தது போலிருந்தது. மைக்கில் பேசியவர் எதிரிகளின் எண்ணிக்கையை எந்தச் சித்தப்பாவும் சொல்லாத உயரத்துக்குக் கொண்டுபோனார். தச்சர் தெருக்காரர்கள் வந்திருந்தார்கள், கைதட்டினார்கள், பொங்கல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் கழித்துத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதி அமலுக்கு வந்த அன்றே மண்டல அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் துணியும் கயிறும் கொண்டு வந்தார்கள். அண்ணன் ஓடினார். இவர் கட்சித் தலைவர் இல்லை, எங்கள் தாத்தா, போர் வீரர் என்று சொல்லிப் பார்த்தார். வந்தவர் ஒரே வரியில் முடித்தார்: “எவரைனா சரே, விக்ரஹமண்டே கப்பாலி.” யாராக இருந்தாலும் சரி, சிலை என்றால் மூட வேண்டும். கிணற்றுத் தாத்தாவையும் மூடினார்கள். தலை முதல் கால்வரை பழைய கோணிச் சாக்கைப் போர்த்தி, துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டினார்கள். முதல் போரில் பிரிட்டிஷ் ஸ்னைப்பர்கள் எதிரி கண்ணில் படாமலிருக்கச் சாக்குத்துணியைத்தான் சாயம் பூசிப் போர்த்திக்கொண்டார்கள் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். ஊரிலேயே சரித்திரப்படி சரியான சிலை இப்போது இதுதான் என்றேன். அவர் சிரிக்கிற நிலையில் இல்லை.

காரணம், அதைவிடப் பெரிய இடி அன்று காலைதான் விழுந்திருந்தது. இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் எங்கள் ஊர் சர்பஞ்சுப் பதவி பெண்களுக்குப் போய்விட்டது. அண்ணன் நிற்க முடியாது. கிணற்றுக்காரரும் நிற்க முடியாது. இரண்டு நாள் யோசித்து, அண்ணியை நிறுத்தினார். அண்ணி குப்பத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவர். சிலை விஷயத்தில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் தாத்தாவைப் பற்றியோ துப்பாக்கியைப் பற்றியோ பேசாமல், தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பற்றிப் பேசினார். ஜெயித்துவிட்டார்.

முடிவு வந்த பிறகு சாக்கை அவிழ்க்க யாரும் வரவில்லை. காற்றே கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தது.

கட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அத்தையையும் ஊருக்கு அழைத்து வந்தேன். சிலைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“இது யாரு?”

“தாத்தா, அத்தே.”

“எங்க நைனா குள்ளம். இவ்ளோ மொறைக்கவும் மாட்டாரு.” சுற்றி வந்து பார்த்தார். இடது கையருகே நின்று, “கட்ட வெரல்ல நகம் இருக்கக் கூடாது. உளி பட்டுப் போயிடுச்சி” என்றார்.

அண்ணி எங்களுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தையை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, கதவுக் கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார்.  இரண்டு நாள் கழித்து ஊராட்சி வேலைக்கு வந்திருந்த பெயின்டரிடம் சொல்லி, பீடத்தில் ‘மாவீரர்’ என்று இருந்ததற்குக் கீழே தெலுங்கிலும் தமிழிலும் ஒரு வரி சேர்த்துவிட்டார்: ‘ராணுவத்தில் முதல் தரத் தச்சர்.’ மேலே இடம் இல்லாததால் எழுத்து சின்னதாக, பீடத்துப் படிக்கட்டை ஒட்டி விழுந்தது. அண்ணன் பார்த்தார், பார்க்காதது போலவே இருந்துவிட்டார். தச்சர் தெருவிலிருந்து சண்டைக்கு யாரும் வரவில்லை. ப்ளைவுட் கடை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் வந்து படித்துவிட்டு, “எங்க கூட்டமா?” என்று ஆச்சரியமாகக் கேட்டுவிட்டுப் போனாராம்.

இப்போது அந்தப் படிக்கட்டில்தான் அண்ணன் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஊர் வழக்கைக் கேட்கிறார். சர்பஞ்சைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சர்பஞ்சின் புருஷனைப் பார்த்துவிட்டுத்தான் அலுவலகத்துக்குள் போக வேண்டும் என்று ஏற்பாடு. அவர் சாய்ந்து உட்காரும்போது முதுகு சரியாக அந்த வரியை மறைக்கிறது. அண்ணி உள்ளேயிருந்து அவரை ஒரு வேலையாகக் கூப்பிட்டால் எழுந்து போகிறார், வரி தெரிகிறது. அண்ணி அடிக்கடி கூப்பிடுகிறார்.